அந்தமானில் ஒரு பாட்டு ஹிட்டாவது எப்படி?

சென்னையில் புறப்படும் பயணிகள் கப்பல் ஏறக்குறைய மூன்று நாள் வங்காள விரிகுடாவில் ஆடி அசைந்து கடைசியில் ஹாடோ துறைமுகத்தில் வந்து நிற்கிறது. விமானம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். எப்படி வந்து இறங்கினாலும் போர்ட் பிளேர் தமிழருக்கு அந்நிய ஊராகத் தெரிவதில்லை. 2024 செப்டம்பரில் மத்திய அரசு இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டது. வந்து இறங்குகிறவர்களின் வாயில் என்னவோ இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அபர்டீன் பஜாரில் பத்தடி நடந்தால் தமிழ் காதில் விழும். வெற்றிமலை முருகனுக்குக் கோயில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். வங்காளியும் இந்தியும் மட்டுமே தமிழுக்கு முன்னால் நிற்கின்றன.

வந்தவர்கள் கூடவே பாட்டையும் கொண்டுவந்தார்கள். 1963-ல் போர்ட் பிளேரில் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் திறக்கப்பட்டது. பிறகு கேசட், அப்புறம் டி.வி., இப்போது செல்போன். கோடம்பாக்கத்திலும் பம்பாயிலும் எது ஓடுகிறதோ அதுதான் இங்கேயும் ஓடும். அங்கே ஹிட்டானால் இங்கேயும் ஹிட்.

பதிலுக்கு அந்தமானும் கோடம்பாக்கத்துக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறது. கு.சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகத்தை வைத்து எம்.ஜி.ஆர். நடித்த 'அந்தமான் கைதி' 1952-ல் வந்தது. முக்தா சீனிவாசன் இயக்கத்தில் சிவாஜியும் சுஜாதாவும் நடித்த 'அந்தமான் காதலி' 1978-ல் வந்தது. இரண்டாவது படத்தைப் பார்த்தவர்களில் பலருக்குக் கதை மறந்திருக்கும். எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் ஜேசுதாசும் வாணி ஜெயராமும் பாடிய 'நினைவாலே சிலை செய்து' மறந்திருக்காது. திருக்கோயிலை ஜேசுதாஸ் 'தெரு'க்கோயில் ஆக்கிவிட்டார் என்று அன்று தொடங்கிய கிண்டல், கல்யாண வீட்டு மெல்லிசைக் கச்சேரிகளில் இன்னும் நடக்கிறது. உச்சரிப்பில் சறுக்கியும் பாட்டு சறுக்கவில்லை. பிறகு 1996-ல், இளையராஜா இசையில், பிரியதர்ஷனின் 'சிறைச்சாலை'. தமிழருக்கு அந்தமான் என்றால் ஒன்று சிறை, இல்லாவிட்டால் டூயட்.

இந்தப் பாட்டுகள் எல்லாம் கடல் தாண்டி வந்தவை, அல்லது கடல் தாண்டிப் போனவை. இந்த மண்ணின் சொந்தப் பாட்டு என்று ஒன்று இருந்தது. அதில் எது வெற்றி, எது தோல்வி என்று முடிவு செய்ய ஒரு திட்டமான ஏற்பாடும் இருந்தது. ரெக்கார்டு கம்பெனி கிடையாது, நேயர் கடிதம் கிடையாது. ஒரே இரவில் தீர்ப்பு வந்துவிடும்.

அந்த ஏற்பாட்டைத் தெளிவாக எழுதிவைத்தவர் ஏ.ஆர். ராட்கிளிஃப்-பிரவுன் என்ற ஆங்கிலேயர். பிற்காலத்தில் மானிடவியலில் பெரிய பெயர். 1906-ல் அந்தமானுக்கு வந்தபோது அவர் இருபத்தைந்து வயது இளைஞர். 1908 வரை தங்கினார். 'அந்தமான் தீவுவாசிகள்' என்ற அவருடைய புத்தகம் 1922-ல் வெளியாயிற்று. பாட்டைப் பற்றி அதில் அவர் ஒதுக்கியிருக்கும் இடம் சிறியதுதான். ஆனால் அந்தச் சில பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு, ஹிட் பரேடு என்பதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்கர்கள் என்ற எண்ணம் கொஞ்சம் ஆட்டம் காணும்.

அவர் எழுதியது கிரேட் அந்தமானியர் என்று இன்று சொல்லப்படும் மக்களைப் பற்றி. வடக்கு, நடு, தெற்கு அந்தமான் மூன்றிலும் பரவியிருந்த பத்துக் கூட்டங்கள்: காரி, கோரா, போ, ஜெரு, கேடே, கோல், ஜுவோய், புசிக்வார், பலே, பேயா. கூட்டத்துக்கு ஒரு மொழி. இன்று செய்திகளில் அடிபடும் ஜாரவா, சென்டினல் மக்கள் வேறு; லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்களும் வேறு. கீழே வரும் ஆடுகளம் இந்தப் பத்துக் கூட்டத்தாருக்கே உரியது.

இவர்களில் ஒவ்வொரு ஆணும் பாட்டுக் கட்டுவான். புலவர் என்று தனியாக ஒரு ஜாதியோ தொழிலோ கிடையாது. சிறு வயதிலேயே பழக்கம் ஆரம்பித்துவிடும். தோணிக்காக மரத்தைக் குடையும்போது, வில்லைச் செதுக்கும்போது, துடுப்பு வலிக்கும்போது, ஒரு அடி மனதில் தோன்றும். அதை வாய்க்குள்ளேயே மெதுவாகப் பாடிப் பார்ப்பான். திருத்துவான். மறுபடி பாடிப் பார்ப்பான். தனக்குத் திருப்தி வரும்வரை வெளியே விடமாட்டான். பாடுபொருளும் இதே வேலைகள்தான்: வேட்டை, மீன், தோணி. காதல் பிரிவும் தத்துவமும் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஏற்றப் பாட்டும் நடவுப் பாட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இருக்காது.

பாட்டு தயாரானால் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டும். குடியிருப்பின் நடுவே பெருக்கிச் சுத்தம் செய்த வெட்டவெளிதான் ஆடுகளம். இரவில் தீ வெளிச்சத்தில் ஆட்டம். ஒரு பக்கம் பெண்கள் வரிசையாகக் கால் நீட்டி உட்காருவார்கள், பின்பாட்டு அவர்களுடையது. தொடையில் கை தட்டித் தாளம் போடுவார்கள். பாடுகிறவன் நிற்கும் இடத்தில் ஒரு பலகை இருக்கும். படாக் மரத்தில், கேடயம் போலச் செதுக்கியது; குழிந்த பக்கம் தரையைப் பார்த்திருக்கும். பேயா மொழியில் இதைப் புகுட்டா என்றார்கள். ஒரு காலை அதன்மேல் வைத்து மிதித்தால் கனமான ஓசை எழும். அவர்களுக்கு இருந்த இசைக்கருவி இது ஒன்றுதான். தோலும் இல்லை, நரம்பும் இல்லை, குழலும் இல்லை. குதிகாலே வாத்தியம்.

புதுப் பாட்டு வைத்திருக்கிறவன் சும்மா போய் நின்றுவிடுவதில்லை. முன்கூட்டியே ஓரிரண்டு பெண்களிடம் பின்பாட்டைச் சொல்லிக்கொடுத்துவைப்பான். களத்தில் அவர்கள் எடுத்துக் கொடுக்க, மற்றப் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் உலகத்துப் பாடகர்கள் எல்லோரும் ஒன்றுதான். நல்ல கோரஸ் கிடைக்காவிட்டால் நல்ல பாட்டும் படுத்துவிடும் என்று மெல்லிசைக் குழு நடத்துகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு தீர்ப்பு. பாட்டு பிடித்திருந்தால் பின்பாட்டு ஓங்கும், ஆடுகிறவர்கள் உற்சாகமாவார்கள், பாடியவன் திரும்பத் திரும்பப் பாடுவான். அன்றிலிருந்து அந்தப் பாட்டு அவனுடைய கையிருப்பில் சேர்ந்துவிடும். எப்போது கேட்டாலும் பாடத் தயாராக இருப்பான். பிடிக்கவில்லை என்றால் அதோடு சரி. மறுபடி அதைப் பாடமாட்டான். யாரும் திட்டவேண்டியதில்லை, பெண்களின் குரல் தணிந்தால் போதும். இப்படிப் பல ஆட்டங்களில் ஜெயித்தவர்களுக்குக் கெட்டிக்காரப் பாட்டுக்காரர் என்ற பெயர் தீவு விட்டுத் தீவு பரவும்.

மெட்டில் இதற்கெல்லாம் இடமே இல்லை என்று தோன்றும். சில சுரங்கள்தான், மிகக் குறுகிய எல்லைக்குள் அவை போய்ப் போய் வரும். ராகம் தேடிப் போன காதுக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுபோல் கேட்கும். ராட்கிளிஃப்-பிரவுனுக்கு முன்பே இதைக் கவனித்தவர்கள் இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள். இ.எச். மான் 1880-களில் எழுதினார். எம்.வி. போர்ட்மன் 1888-ல் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் அந்தமானியர் இசை என்றே ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்கள் சொல்லும் இன்னொரு விஷயம் சுவையானது. பாட்டில் தாளமே எஜமான். தாளத்துக்கு இடிக்கிறது என்றால் வார்த்தையை வெட்டுவார்கள், நீட்டுவார்கள், உருத்தெரியாமல் முறுக்குவார்கள். கேட்கிறவர்களுக்கே சில சமயம் அர்த்தம் விளங்காது. பாடியவன் பேச்சுமொழியில் விளக்கிச் சொல்லவேண்டி வரும். 'தெருக்கோயில்' பாடிய ஜேசுதாசை அந்தமானியர் ஒரு பொருட்டாகவே எடுத்திருக்க மாட்டார்கள்.

மற்ற நாடுகளின் வெற்றிப் பட்டியல்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை கிராமியப் பாட்டுகளுக்கென்று தனிப் பட்டியலை 1944 ஜனவரியில் ஆரம்பித்தது. கன்ட்ரி மியூசிக் என்று இன்று சொல்கிற வகைக்கு அதுதான் முதல் பட்டியல். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளில் எந்த ரெக்கார்டு அதிகம் சுழன்றது என்பதே கணக்கு. 'பிஸ்டல் பேக்கிங் மாமா' என்ற பாட்டு முதலிடம் பிடித்தது. (அதற்குச் சில நாள் முன்னால், 1943 டிசம்பர் 30 அன்று, ஜப்பானியர் வசமிருந்த போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றினார். அந்தமான் அப்போது வேறு கவலையில் இருந்தது.) நம் நாட்டுக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது இலங்கை வானொலி. 1952-ல் அமீன் சயானி நடத்தத் தொடங்கிய 'பினாகா கீத்மாலா', ரெக்கார்டு விற்பனையையும் நேயர் விருப்பத்தையும் வைத்துப் படிப்படியாகப் பாட்டுகளை அடுக்கிற்று. புதன்கிழமை இரவுகளில் பாதி இந்தியா ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

இந்தப் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்று. பாடகரிடமிருந்து பாட்டைப் பிரித்தெடுத்து ஒரு தட்டில் அடைத்தாயிற்று. இனி அதை யாரும் வாங்கலாம், யாரும் பாடலாம். ஒரு பாட்டு எவ்வளவு பேர் வாயில் புகுந்து புறப்படுகிறதோ அவ்வளவு பெரிய ஹிட். தெருவில் போகிறவன் முணுமுணுத்தால்தான் இசையமைப்பாளருக்குத் தூக்கம் வரும்.

அந்தமான் களத்தில் விதி நேர் எதிர். ஒருவன் கட்டிய பாட்டை ஆட்டத்தில் இன்னொருவன் பாடமாட்டான். எவ்வளவு பெரிய ஹிட்டானாலும் சரி. பின்பாட்டுப் பாடலாம், ஆடலாம், அடுத்த ஆட்டத்திலும் பாடச் சொல்லிக் கேட்கலாம். பாடவேண்டியவன் கட்டியவனே. பாரம்பரியப் பாட்டு, தாத்தா பாட்டு என்று எதுவும் கிடையாது என்கிறார் ராட்கிளிஃப்-பிரவுன். நாட்டுப்பாடல் என்றாலே யார் கட்டியது என்று தெரியாதது, வழிவழியாக வந்தது என்பதுதான் நம் இலக்கணம். இங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டியவன் பெயர் உண்டு, வாரிசுதான் இல்லை. ஒருவன் இறந்தால் அவனுடைய பாட்டுகளும் களத்தை விட்டுப் போய்விடும். அதில் யாரும் பதறவில்லை. பிள்ளைகள் தோணி குடைந்துகொண்டே தங்கள் பாட்டைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஊற்று இருக்கும்வரை குடத்துத் தண்ணீரைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

ஊற்று வற்றியது எப்படி என்பதற்கு எண்கள் இருக்கின்றன. 1858-ல் பிரிட்டிஷார் கைதிகளைக் கொண்டுவந்து குடியமர்த்தியபோது கிரேட் அந்தமானியர் மூவாயிரத்து ஐந்நூறு முதல் ஐயாயிரம் பேர் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மறு வருடம், 1859 மே மாதம், அவர்கள் வில்லும் அம்புமாக அபர்டீனில் வந்து மோதினார்கள். தோற்றார்கள். இன்று நீர் விளையாட்டு வளாகத்தின் பக்கத்தில் அந்தச் சண்டைக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. படகுச் சவாரிக்கு டிக்கெட் வாங்கப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். 1863-ல் 'அந்தமான் இல்லம்' என்று ராஸ் தீவில் ஆரம்பித்தார்கள். சோறு, புகையிலை, உடை கொடுத்துக் காட்டுக்காரர்களைப் பழக்குவது திட்டம். பிறகு ஹாடோவிலும் இப்படி ஓர் இல்லம் நடந்தது. சென்னைக் கப்பலில் வந்து இறங்குகிற அதே ஹாடோ.

பழகியது வியாதிதான். கைதிகளிடமும் காவலர்களிடமும் இருந்து மேகநோய் தொற்றியது. 1877-ல் தட்டம்மை பரவி ஊர் ஊராக வாரிக்கொண்டு போயிற்று. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1911-ல் 455. 1921-ல் 209. 1931-ல் 90. 1961-ல் 19. பத்துக் கூட்டம், பத்து மொழி, மொத்தம் பத்தொன்பது பேர்.

ராட்கிளிஃப்-பிரவுன் வந்தது இந்தச் சரிவின் நடுவில். அவரோடு பேசியவர்கள் ஏற்கனவே இல்லங்களில் அடிபட்டுத் தேறியவர்கள். ஆரம்பத்தில் அவர் பேசியதும் அவர்கள் மொழியில் இல்லை, இந்துஸ்தானியில்தான். ஆகவே அவர் எழுதியதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. செழிப்பாக இருந்த காலத்து ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை.

சாவுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள சம்பந்தத்தையும் அவரே எழுதியிருக்கிறார். துக்கம் காக்கிறவர்கள் ஆடமாட்டார்கள். உடம்பில் களிமண் பூசி, சில உணவுகளை விலக்கி, இறந்தவர் பெயரைச் சொல்லாமல் மாதக்கணக்கில் இருப்பார்கள். துக்கம் முடிகிற நாளில் கூடி அழுது, பிறகு ஆடி, வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்புவார்கள். ஒரு சாவுக்கு இவ்வளவு என்றால், வாரத்துக்கு ஒரு சாவு விழுந்த வருடங்களில் ஆடுகளம் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். பாடுகிறவன் ஒருவன் மிஞ்சினாலும் பின்பாட்டுக்கு வரிசை வேண்டும். நான்கு பேர் உட்கார்ந்த களத்தில் ஹிட் ஏது, தோல்வி ஏது.

மிஞ்சியவர்களை அரசு 1970-ஐ ஒட்டி ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தியது. பாராடாங்குக்குக் கிழக்கே உள்ள சின்னத் தீவு அது. பழங்குடி ஒதுக்கிடம் என்பதால் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது, போகவும் வேண்டாம். போர்ட் பிளேருக்கு வந்தால் அவர்கள் தங்க ஆதி பசேரா என்ற விடுதி இருக்கிறது. கலப்புத் திருமணங்களால் எண்ணிக்கை ஐம்பது வரை ஏறியது. பிள்ளைகள் பேசுவது அந்தமான் இந்தி.

சுற்றுலாப் பயணிகள் போகிற இடம் பாராடாங். சுண்ணாம்புக் குகையும் மண் எரிமலையும் பார்ப்பதற்காக ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். குறித்த நேரத்தில் போலீஸ் பாதுகாப்போடு கிளம்பும். அந்த அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிப் போகிறது. 2002-ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பகுதியில் சாலையை மூடச் சொன்னது, சாலை மூடப்படவில்லை. 2012 ஜனவரியில் லண்டன் பத்திரிகை ஒன்று ஒரு வீடியோவை வெளியிட்டது. அதில் ஜாரவாப் பெண்களைச் சாலையோரத்தில் ஆடச் சொல்கிறார்கள்; ஆடினால் தின்பண்டம். நாடே கொதித்தது, பார்லிமென்டில் பேசினார்கள், சட்டம் கடுமையாயிற்று. அங்கே படம் எடுப்பது இன்று ஜெயிலுக்குப் போகிற குற்றம். ஜாரவா மக்கள் வேறு இனம், வேறு மொழி என்பது உண்மை. ஆனாலும் இந்தத் தீவுகளில் ஆட்டம் என்பதற்கு இருந்த மரியாதையை அறிந்தவர்களுக்கு அந்த வீடியோ இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கசக்கும். களத்தில் பாட்டுக்கு விலை, பின்பாட்டுக் குரலின் உயரம். காரில் வந்தவர்கள் கொண்டுவந்த விலை பிஸ்கெட்.

ஸ்ட்ரெயிட் தீவில் ஒரு பாட்டி இருந்தார். போவா என்று பெயர். அதே பெயரில் இன்னொருவரும் இருந்ததால் போவா சீனியர் என்று எழுதுவார்கள். போ மொழி அறிந்த கடைசி மனிதர் அவர். 2004 டிசம்பர் சுனாமியில் தீவில் இருந்தவர்களோடு அவரும் தப்பினார். நிலம் ஆடினால் என்ன செய்ய வேண்டும் என்று முன்னோர் சொல்லியிருந்ததாகப் பிறகு விளக்கினார். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி 2005-லிருந்து அவரைச் சந்தித்து, பேச வைத்து, பாட வைத்துப் பதிவு செய்தார். போ மொழியில் பேச ஆள் இல்லாததால் போவா பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பாராம். அவை தன்னைப் புரிந்துகொள்கின்றன என்பது அவர் நம்பிக்கை. மனிதர்களோடு பேச அந்தமான் இந்தியைக் கற்றுக்கொண்டார்.

களத்தின் பழைய ஏற்பாட்டை நினைத்துப் பார்த்தால் இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. பலகையை மிதித்துப் பாடியவர்கள் ஆண்கள். அவர்களுடைய பாட்டுகள் அவர்களோடு போய்விட்டன. கால் நீட்டி உட்கார்ந்து பின்பாட்டுப் பாடிய வரிசை பெண்களுடையது. கடைசியில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து தனியாகப் பாடியவர் அந்த வரிசையைச் சேர்ந்த ஒருவர்.

2010 ஜனவரி 26 அன்று போவா இறந்தார். வயது எண்பத்தைந்து இருக்கலாம். நாடு குடியரசு தினம் கொண்டாடிக்கொண்டிருந்தது. சில நாள் கழித்து செய்தி வெளியே வந்தபோது, பி.பி.சி. முதல் உலகத்துச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. அப்பி பதிவு செய்த போவாவின் குரல் கண்டம் கண்டமாக ஒலித்தது. அந்தமானின் பூர்வகுடிக் குரல் ஒன்றை ஒரே வாரத்தில் அத்தனை பேர் கேட்டது அதற்குமுன் நடந்ததில்லை. ஹிட் என்று சொல்ல வாய் வரவில்லை. எண்ணிக்கையில் அது ஹிட்தான்.

அதற்குச் சில மாதம் முன்புதான் கோரா மொழியின் கடைசி ஆளான போரோவும், அப்பிக்குப் பழங்கதைகள் சொன்ன நாவ் ஜூனியரும் போயிருந்தார்கள். சாரே மொழி அறிந்த லிச்சோ 2020 ஏப்ரலில் போர்ட் பிளேரில் காலமானார். அதன் பிறகு ஜெரு மொழியை ஓரளவு பேசத் தெரிந்தவர்கள் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மூன்று பேரைச் சொன்னார்கள்.

அப்பிக்கு 2013-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் திரட்டியவற்றில் பத்துக் கதைகளும் நாற்பத்தாறு பாட்டுகளும் 2021-ல் புத்தகமாக வந்தன. அவற்றில் போவா பாடியவையும் உண்டு. ஒவ்வொரு பாட்டும் யார் பாடியது என்பது பதிவாகியிருக்கிறது. பழைய களத்தின் விதியைக் காப்பாற்றியது போலத்தான் இதுவும். விதியை மீறியும் இருக்கிறது: பாடியவர் போன பிறகும் பாட்டு இருக்கிறது. அதைச் சரி என்பதா தவறு என்பதா என்று கேட்டால், அந்த நாற்பத்தாறும் இல்லாமல் இருப்பதைவிட இருப்பதே மேல் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1877-க்கு முன்னால் ஒரே ஒரு பெரிய ஆட்டத்தில் ஓர் இரவில் இத்தனை பாட்டு கேட்டிருப்பார்கள்.

பழைய காலத்தில் ஒரு பாட்டில் வார்த்தை பிடிபடவில்லை என்றால் பாடியவனையே கேட்பார்கள். அவன் பேச்சுமொழியில் பிரித்துச் சொல்வான். போவாவும் அப்பிக்கு அப்படித்தான், அந்தமான் இந்தியில், எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தாளத்துக்காக வெட்டி நீட்டிய சொல் எது, உண்மையான சொல் எது என்று 2010 ஜனவரி வரை கேட்க முடிந்தது.